அண்ணனுக்கு அன்பு செலுத்தினால் கையெழுத்தும் போட வேண்டுமா?

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வசிக்கும் 47 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வாசகி ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். கணவர், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகன், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறார். 14 மாதங்களுக்கு முன் தாயார் காலமானார். அதன்பின் வந்த மனச்சோர்வுக்குப் பலதுறை மருந்தகத்தில் மாத்திரை எழுதித் தந்தார்கள். அதை 11 மாதங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தவர், சக ஊழியர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஜூன் விடுமுறையில் மலேசியாவில் நடந்த 9 நாள் மைத்ரி தியான முகாமுக்குப் பெயர் கொடுத்தார். மைத்ரி என்பது, ஒவ்வொருவராக நினைத்து ‘நலமாய் இருக்க வேண்டும்’ என்று அன்பை வளர்க்கும் பௌத்தப் பயிற்சி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு தியானம் செய்தால் அது ‘சுத்தமான’ தியானம் ஆகாது என்று எண்ணி, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாகத் தாமாகவே மருந்தை நிறுத்தினார். முகாம் படிவத்தில் மருந்து பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினார்.

விடியற்காலை 4 மணிக்கு மணி, நண்பகலுக்குள் கடைசி உணவு, அமர்ந்தும் நடந்தும் மாறி மாறித் தியானம், முழு மௌனம் என்று முதல் இரண்டு நாள்கள் நன்றாகவே போயின. மூன்றாம் நாள் ‘அன்புக்குரிய ஒருவரை நினையுங்கள்’ என்றபோது அம்மாவை நினைத்தார். அன்று தொடங்கிய அழுகை நிற்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை ‘உங்களைப் புண்படுத்திய ஒருவரை நினையுங்கள்’ என்றார்கள். அண்ணன் வந்தார். “நீ நலமாய் இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லச் சொல்ல என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. அதை இடது கையால் அழுத்திப் பிடித்தபடி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். மௌனத்தைக் கலைக்கக் கூடாதே என்று யாரிடமும் சொல்லவில்லை.”

தாயார் தம் பெயரில் மட்டும் ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விட்டுச் சென்றிருக்கிறார், உயில் இல்லை. பிள்ளைகள் இருவரே. அண்ணன் குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறது. தாயாரின் கடைசி இரண்டு ஆண்டுகளில் மருத்துவமனைச் செலவையும் பணிப்பெண் சம்பளத்தையும் ஏற்றவர் வாசகி. இப்போது, தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்திரத்தில் கையெழுத்திடுமாறு அண்ணன் கேட்கிறார். முகாமிலிருந்து திரும்பி இரண்டு வாரங்கள் ஆகின்றன. இரவில் மூன்று மணி நேரத் தூக்கம். கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் மின்சாரம் வெட்டுவதுபோல் இருக்கிறது. அது ‘சக்தி எழும்புவதன் அறிகுறி’ என்று முகாமில் அறிமுகமான ஒருவர் சொல்லியிருக்கிறார். சில விடியல்களில் எழுந்திருக்கவே வேண்டாம் என்றும் தோன்றுகிறதாம்.

அவர் கேட்பவை நான்கு. மைத்ரி எனக்கு மட்டும் கைகூடாமல் போனது ஏன்? அன்பின் அடையாளமாக அண்ணனின் பத்திரத்தில் கையெழுத்திடலாமா? டிசம்பரில் மீண்டும் முகாமுக்குப் போகலாமா? சைவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் பௌத்த தியானம் செய்வது தவறு என்கிறாரே மாமியார், அவருக்கு என்ன சொல்வது?

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் மருந்து

கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் மின்வெட்டுப்போல் வருவது, கிறுகிறுப்பு, தூக்கமின்மை, காரணமின்றிப் பொங்கும் அழுகை ஆகிய அனைத்தும் மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்துவோரிடம் நன்கு அறியப்பட்ட விளைவுகள். அதனால்தான் மருத்துவர்கள் இம்மருந்துகளை வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில், சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். எந்தச் சக்தியும் எழும்பவில்லை. 11 மாதங்கள் பழகிய ஒன்றைத் திடீரென இழந்த மூளை தடுமாறுகிறது என்பதே பெரும்பாலும் இதன் பொருள். உங்களுடைய பழைய மனச்சோர்வு திரும்பிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டில் எது, அல்லது இரண்டுமா என்பதை மருத்துவர்தான் பிரித்தறிய முடியும். ஆகவே இந்த வாரத்திலேயே பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். எந்த நாளில் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பழைய அளவை நீங்களாகவே மீண்டும் தொடங்க வேண்டாம்.

எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுவதாக ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அப்படிப் போக முடியாது. அந்த எண்ணம் வருவதை இன்றே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அது வலுக்குமானால் மருத்துவர் சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, தேசிய மனநல உதவி எண்ணான 1771, மனநலக் கழகத்தின் 6389 2222 ஆகிய எண்களில் எந்த நேரத்திலும் பேசலாம்.

‘சுத்தமான தியானம்’ என்ற எண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். நீரிழிவுக்காரர் எவரும் தியானம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று இன்சுலினை நிறுத்துவதில்லை. முகாம் படிவத்தில் மருந்து பற்றிக் கேட்பது உங்களை ஒதுக்கிவைப்பதற்காக அன்று. ஐந்தாம் நாள் மாலை உங்கள் கை நடுங்கும்போது அதற்கு என்ன பொருள் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. மௌனமும் அதைப் போன்றதே. சக தியானிகளோடு பேசக் கூடாது என்றுதான் விதி. ஆசிரியரிடம், முகாம் பொறுப்பாளரிடம், உடலுக்கோ மனத்துக்கோ முடியாதபோது பேசுவதற்கு எந்த முகாமும் தடை விதிப்பதில்லை.

அம்மாவின் முகம்

மைத்ரி கைகூடவில்லை என்கிறீர்கள். என்ன நடந்தது என்பதை அந்தப் பயிற்சியின் மூல நூலை வைத்தே பார்ப்போம். மைத்ரியைப் படிப்படியாகச் செய்யும் முறையை மிக விரிவாகச் சொல்வது, 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுர மகாவிகாரையில் பாலி மொழியில் எழுதிய விசுத்திமக்கம். அதன் ஒன்பதாம் அத்தியாயம், யாரை நினைத்துத் தொடங்க வேண்டும் என்பதற்கு முன், யாரை நினைக்கக் கூடாது என்றுதான் தொடங்குகிறது. பிடிக்காதவர், மிக நெருங்கிய அன்பர், நமக்கு எந்த உணர்வும் இல்லாத நடுநிலையாளர், பகைவர் ஆகிய நால்வரையும் தொடக்கத்தில் எடுக்கக் கூடாது. இறந்தவரை எப்போதுமே எடுக்கக் கூடாது.

இதற்கு அந்நூல் ஒரு நிகழ்ச்சியையும் சொல்கிறது. இளம் பிக்கு ஒருவர் தம் ஆசானை நினைத்து மைத்ரி செய்கிறார். எவ்வளவு முயன்றும் மனம் ஒருமைப்படவில்லை. மூத்த பிக்கு ஒருவரிடம் போய்க் கேட்க, அவர் ‘நீ எடுத்துக்கொண்ட ஆளைப் பற்றி விசாரித்துப் பார்’ என்கிறார். விசாரித்தால் ஆசான் ஏற்கெனவே இறந்துவிட்டிருக்கிறார். உயிரோடிருக்கும் வேறொருவரை எடுத்துக்கொண்டதும் பயிற்சி கைகூடிவிடுகிறது. அந்த இளம் பிக்குவிடம் அன்பு குறைவாக இருந்தது என்று நூல் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நீ நலமாய் இருக்க வேண்டும்’ என்ற சொல், போய்ச் சேர ஓர் உயிரைத் தேடுகிறது. அம்மாவை நோக்கி நீங்கள் அதைச் சொன்ன ஒவ்வொரு முறையும், அது போய்ச் சேர இடமில்லாமல் துக்கமாகத் திரும்பி வந்திருக்கிறது. 14 மாதத் துக்கத்துக்கு அழுகை இயல்பானது. அதற்குரிய இடம் வேறு. திதி கொடுப்பது உங்கள் வழக்கமானால் அது ஓர் இடம். துக்க ஆலோசனை இன்னோர் இடம்; உங்கள் வட்டாரக் குடும்ப சேவை நிலையத்தில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

முகாமின் கடைசி நாளில் எல்லாருடைய முகமும் மலர்ந்திருந்தது, என் முகம் மட்டும் மரத்துப்போயிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர் முகத்தை வைத்து மனத்தை அளக்காதீர்கள். என் முதல் மைத்ரி முகாமில், உணவுக்கூடத்தில் எதிரே அமர்ந்தவர் ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைத் தட்டின் விளிம்பில் தட்டித் தட்டிச் சாப்பிடுவார். உலக உயிர்களெல்லாம் நலமாய் இருக்க வேண்டும் என்று காலையெல்லாம் நினைத்துவிட்டு, நண்பகலில் அந்த ஓசைக்காக அவரை வெறுத்தேன். ஒன்பது நாள்களும் வெறுத்தேன். கடைசி நாள் புகைப்படத்தில் அவர் பக்கத்தில் நின்று மலரச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

தியானத்தில் துன்பமான அனுபவங்கள் வருவது புதுமையும் அன்று. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் அச்சம், தூக்கமின்மை, பழைய காயங்கள் மீண்டும் கிளறப்படுதல் போன்ற அனுபவங்களைப் பௌத்த தியானிகளிடமே கேட்டுப் பதிவுசெய்திருக்கிறார்கள். மைத்ரிக்குப் பதினொரு பயன்களைச் சொல்லும் சூத்திரத்தில் ‘சுகமாக உறங்குவான்’ என்பது முதற்பயன். ஆனால் அச்சூத்திரம் மைத்ரியை நெடுங்காலம் பழகி, வளர்த்து, வாகனம்போல் ஆக்கிக்கொண்டவரைப் பற்றியது. ஒன்பது நாளில், அதுவும் மருந்தை நிறுத்திய உடம்போடு, அந்தத் தூக்கத்தை எதிர்பார்த்தது உங்கள்மீது நீங்களே சுமத்திக்கொண்ட பாரம்.

வரிசையில் அண்ணனின் இடம்

விசுத்திமக்கத்தின் வரிசைப்படி முதலில் தன்னை, பின்பு மதிப்புக்குரிய ஒருவரை, பின்பு நெருங்கிய அன்பரை, பின்பு நடுநிலையாளரை, அதற்கும் பின்பே பகைவரை எடுக்க வேண்டும். முந்தையவரிடம் மனம் இளகிப் பழகிய பிறகுதான் அடுத்தவர். பகைவரிடம் சினம் எழுந்தால் முந்தையவர்களிடமே திரும்பிப் போகச் சொல்கிறது நூல். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. குறுகிய முகாமில் எல்லாரையும் ஒரே வேகத்தில் இந்தப் படிகளில் ஏற்றுவது நடைமுறை வசதிக்காக. நீங்கள் முதற்படியிலேயே நின்றிருக்கலாம். ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கையெழுத்து

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி. “பங்கை விட்டுக்கொடுத்துவிட்டால் அண்ணன்மேல் உள்ள கோபம் போய்விடும், மைத்ரி நிறைவேறிவிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியில் இரண்டு தவறான எண்ணங்கள் பின்னிக் கிடக்கின்றன.

அதே அத்தியாயத்தில் ஒரு சோதனை வருகிறது. நீங்கள், உங்கள் அன்பர், நடுநிலையாளர், பகைவர் ஆகிய நால்வரும் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, பலியிட ஓர் ஆள் வேண்டும், உங்களில் ஒருவரைக் கொடுங்கள் என்கிறார்கள். ‘இந்தப் பகைவனைக் கொண்டுபோங்கள்’ என்பவரிடம் மைத்ரி முழுமையடையவில்லை என்பது எவருக்கும் விளங்கும். ‘என்னைக் கொண்டுபோங்கள், இவர்களை விட்டுவிடுங்கள்’ என்பவரை? நாமெல்லாம் கைகூப்பியிருப்போம். புத்தகோசரோ அவரிடமும் மைத்ரி முழுமையடையவில்லை என்கிறார். யாரைக் கொண்டுபோகச் சொல்கிறாரோ அவருக்குத் தீங்கை நாடுகிறார். அந்த ‘அவர்’ தாமேயானாலும் தீங்கு தீங்குதான். நால்வரில் எவரையும் கொடுக்க மனம் வராதபோதே தமக்கும் பிறருக்கும் இடையிலுள்ள எல்லை உடைந்தது என்கிறது நூல். குடும்பத்துக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்வதே பெண்ணின் பெருமை என்று கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தப் பகுதி சற்றுக் கசக்கும். எனக்கும் முதலில் கசந்தது.

கொடுப்பதை அந்நூல் விலக்கவும் இல்லை. சினம் தணியாதபோது பகைவருக்கு ஏதேனும் ஒன்றைக் கொடுத்துப் பார் என்பதைக் கடைசி வழிகளில் ஒன்றாகச் சொல்கிறது. தம்மை மூன்று முறை இருப்பிடத்தை விட்டு எழுப்பிய மூத்த பிக்குவுக்கு ஒரு பிக்கு தம் பிச்சைப் பாத்திரத்தைக் கொடுக்கிறார். கொடுக்கும்போது அவர் சொல்வதுதான் உங்களுக்கு முக்கியம்: இது எட்டுக் காசு பெறும், என் தாய் எனக்குக் கொடுத்தது, முறைப்படி எனக்கு வந்தது. விலை தெரியும், தமக்கு எப்படி வந்தது என்று தெரியும், தமக்கு உரியது என்று தெரியும், தெரிந்து கொடுக்கிறார். உங்களுக்கு இந்த மூன்றில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. அண்ணன் அனுப்பிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே முழுதாகப் படிக்கவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

நான் மனநல ஆலோசகர், வழக்கறிஞர் அல்லர். எனவே பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாத ஒருவருக்கு வாழ்க்கைத்துணை இல்லாதபோது, சொத்து பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். ஆண், பெண், மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு அதில் இல்லை; அந்த வீட்டில் யார் வசிக்கிறார் என்பதும் பங்கை மாற்றாது. ‘எனக்கு ஏற்கெனவே வீவக வீடு இருக்கிறது, ஆகவே எனக்கு உரிமை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டை நீங்கள் வைத்துக்கொள்ள முடியாமல் போகலாம். அதனால் உங்கள் பங்கின் மதிப்பு இல்லாமல் போய்விடாது. மத்திய சேம நிதிப் பணம் தனி. அது தாயார் யாரை நியமித்திருக்கிறாரோ அவருக்குப் போகும். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு அந்தப் பத்திரத்தையும் தாயாரின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். அண்ணனின் வழக்கறிஞர் உங்களுக்கும் வழக்கறிஞர் ஆக மாட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் திரும்பும்வரை எதிலும் கையெழுத்திட வேண்டாம். “அம்மா காரியத்தைப் பற்றிப் பேச எனக்கு இப்போது உடம்பு சரியில்லை அண்ணா, சரியானதும் நானே கூப்பிடுகிறேன்” என்று ஒரு குறுஞ்செய்தி போதும். அது பொய்யுமன்று, பகையுமன்று. பிறகு எல்லாம் தெரிந்து, பாதியையோ முழுவதையுமோ அவருக்குக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள்; நான் தடுக்கமாட்டேன். ஆனால் கொடுத்ததும் கோபம் போய்விடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கொடுத்த பிறகு கோபம் இரட்டிப்பானவர்களும் என் ஆலோசனை அறைக்கு வந்திருக்கிறார்கள். அண்ணன் நலமாய் இருக்க வேண்டும் என்று விரும்பிக்கொண்டே, அவரிடம் கணக்குக் கேட்கலாம். நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். கணக்குக் கேட்பது பகையின் செயலாக இருக்க வேண்டியதில்லை என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பர் முகாம்

இந்த டிசம்பர் வேண்டாம் என்பதே என் கருத்து. மருத்துவர் உங்கள் நிலை சீராகிவிட்டது என்று சொல்லி, சில மாதங்கள் இயல்பாகத் தூங்கிய பிறகு யோசிக்கலாம். அப்போதும் ஒன்பது நாளில் தொடங்காமல், ஒரு நாள் அல்லது வார இறுதிப் பயிற்சியில் தொடங்குங்கள். முகாம்களின் அமைப்பும் மரபுக்கு மரபு வேறுபடும். விபாசனா தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா மரபின் 10 நாள் முகாமில் மைத்ரி கடைசி நாளில்தான் வரும். அதுவரை மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிப்பதே பயிற்சி. நீங்கள் போனதைப் போன்ற முகாம்களில் முதல் நாளிலிருந்தே மைத்ரிதான். எதுவானாலும், படிவத்தில் உண்மையை எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லும் முகாம் நல்ல முகாம்.

அதுவரை வீட்டில் ஏதேனும் செய்ய விரும்பினால், மருத்துவரைப் பார்த்த பிறகு, நாளுக்குப் பத்து நிமிடம் போதும். கண்ணை மூட வேண்டும் என்பதில்லை. முதலில் உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலி வாசகங்களின் மொழிபெயர்ப்பு நாவில் ஒட்டாவிட்டால் கவலைப்படாதீர்கள். காலில் விழும் பிள்ளையின் தலையில் கை வைத்து நம் வீட்டுப் பெரியவர்கள் ‘நல்லா இரு’ என்பார்கள் அல்லவா, அந்த இரண்டு சொற்களில் மைத்ரி முழுவதும் இருக்கிறது. அதை உங்களுக்கே சொல்லுங்கள். அழுகை வந்தால் நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். சில வாரங்கள் கழித்து, உயிரோடிருக்கும், உங்களுக்குச் சிக்கலில்லாத ஒருவர். பழைய ஆசிரியை ஒருவர் இருந்தால் நல்லது. அதற்குப் பிறகு, நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்தக் கீழ்த்தளக் காப்பிக்கடைக்காரர். பத்து ஆண்டுகளாகத் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) வாங்குகிறீர்கள், அவர் பெயர் தெரியாது என்கிறீர்கள். நடுநிலையாளருக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். அண்ணன் இந்த ஆண்டுப் பட்டியலில் இல்லை.

மாமியாருக்கு

மதம் மாறவில்லை, யார் நலத்தையும் வேண்டிக்கொள்ள மதம் மாற வேண்டியதில்லை என்று அமைதியாகச் சொல்லுங்கள். விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசரே காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததாகத் தம் உரையொன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். சைவரான முதலாம் இராசராசன் காலத்தில், ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரைக்குச் சோழ அரசு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடுத்தது. இந்த வரலாறெல்லாம் மாமியாரிடம் எடுபடாது என்று தோன்றினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பும்போது ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருக்கும் சாக்கியமுனி புத்தகயா கோயிலுக்குள்ளும் ஐந்து நிமிடம் போய்வாருங்கள். 1927இல் தாய்லாந்துப் பிக்கு ஒருவர் நிறுவிய அக்கோயிலில், பெரிய புத்தர் சிலைக்கு முன்னால் எந்த வயதான அம்மாவும் கேள்வி கேட்காமல் கைகூப்பிவிடுவார்.

மருத்துவரைச் சந்தித்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதுங்கள். பத்திரத்தின் நகலை எனக்கு அனுப்ப வேண்டாம். அதை வழக்கறிஞர் படிக்கட்டும்.